பத்தாவது துணி

ஒல்ஹோன் தீவு
14 செப்டம்பர் 1961

என் மகள் செசெக்குக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் சுகம், அம்மா சுகம், பசுவும் கன்றும் சுகம். நாய்க்கு மட்டும் காதில் சொறி. உன் உடம்பு எப்படி இருக்கிறது? லெனின்கிராடில் தினமும் மழை என்று வானொலியில் சொன்னார்கள். நனைந்த காலுறையோடு வகுப்பில் உட்காராதே.

நம் கடலைப் பற்றித்தான் ஆய்வேடு எழுதுகிறாய் என்ற கடிதத்தை மீன் புகை போடும் கொட்டகையில் மூன்று தடவை படித்துக் காட்டினேன். நாலாவது தடவை எடுத்தபோது மார்ஃபா கத்தியைக் காட்டினாள். "யோவ் அர்ஹிப், நீ படிக்கிற நேரத்துல நான் நூறு மீன் அறுத்திருப்பேன்" என்றாள். அவளுக்கு என்ன தெரியும். இந்தத் தீவில் புத்தகத்தில் ஏறிய பெயர் ஒன்றே ஒன்று, அதுவும் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் கைகழுவிய ஒருவனுடையது.

படகுத்துறைப் பலகைக்கு இந்த வருஷமும் புது வர்ணம் அடித்தேன். "கிழக்கே ஆழம் 1520 மீட்டர். அளந்தவர் அர்ஹிப் ஒக்தோனவ்." பெயரைக் கொஞ்சம் பெரிதாக எழுதிவிட்டேன். ஆழத்துக்கு இடம் போதாமல் மீட்டர் என்பது பலகையின் ஓரத்தில் தொங்குகிறது.

ஒரே ஒரு வேண்டுகோள். படித்தவர்கள் பழக்கத்தில் ஏரி என்று எழுதுவாய். ஒரு இடத்திலாவது கடல் என்று போடு. அதற்குக் கோபம் வந்தால் அலையில் மாட்டுவது நாங்கள்தான்.

அம்மா காய்ந்த மீன் பொட்டலம் அனுப்புகிறாள். அறைத் தோழிகளுக்கும் கொடு. ஜன்னலைத் திறந்துவைத்துக் கொடு.

உன் அப்பா.


லெனின்கிராடு
6 அக்டோபர் 1961

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் சுகம். காலுறை காய்ந்தே இருக்கிறது. நாய்க் காதுக்கு மீன் எண்ணெய் போட்டீர்களா?

அப்பா, ஒரு வாரமாக எனக்குத் தலை சுற்றுகிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை, கணக்கு போட்டதால். நம் வாசலில் கிடக்கிற தண்ணீர் இருபத்து மூவாயிரம் கன கிலோமீட்டருக்கு மேல். ஒரு கன கிலோமீட்டர் என்றால் நீளம், அகலம், உயரம் எல்லாம் ஒரு கிலோமீட்டர் உள்ள தொட்டி. அப்படி இருபத்து மூவாயிரம் தொட்டி. உலகத்தில் உறையாமல் கிடக்கிற நல்ல தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்கு அது. உள்ளே வருகிற முந்நூற்றுச் சொச்சம் ஆறுகளும் நாளைக்கே நின்றுவிட்டாலும், வெளியே போகிற ஒரே ஆறான அங்காரா அதைக் காலி செய்ய நானூறு வருஷம் ஆகும். அதில்தான் நான் பால் பாத்திரம் கழுவினேன்.

என் ஆய்வேடு முழுக் கடலைப் பற்றியது அல்ல. தீவுக்குக் கிழக்கே இருக்கிற பள்ளத்தில் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்பதுதான். அங்கே ஆழம் பார்த்தது ஒரே ஒரு தடவை, அதுவும் நீங்கள். அந்த 1520-ஐ வைத்துத்தான் என் கணக்கு நிற்கிறது. ஏப்ரலில் தேர்வுக் குழு முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும்.

இங்கே கருவி அறையில் லூக்கிச் என்று ஒருவர் இருக்கிறார். ஐம்பது வயதுகூட இருக்காது, பார்த்தால் எழுபது. வலது கையில் இரண்டு விரல் கிடையாது. பழுதான கருவி எல்லாம் அவர் கைக்குப் போனால் சரியாகிவிடும். ஒல்ஹோன் என்றதும் நிமிர்ந்து பார்த்தார். "கம்பியில நூறு நூறு மீட்டருக்கு அடையாளம் எப்படி வச்சாங்கன்னு உங்கப்பாவைக் கேளும்மா" என்றார். எழுதுங்கள் அப்பா. ஆய்வேட்டிலும் அது வேண்டும்.

அம்மாவின் மீனால் எனக்குத் தோழிகள் கூடியிருக்கிறார்கள், பக்கத்து அறைக்காரர்கள் குறைந்திருக்கிறார்கள்.

உங்கள் செசெக்.


ஒல்ஹோன் தீவு
25 அக்டோபர் 1961

மகள் செசெக்குக்கு,

எல்லாரும் சுகம். நாய்க் காதில் மீன் எண்ணெய் போட்டோம். இப்போது ஊர்ப் பூனைகள் அதன் பின்னால் திரிகின்றன.

இருபத்து மூவாயிரம் தொட்டி. மகளே, அதைப் படித்துவிட்டு நான் படகுத்துறைக்குப் போய் நின்றேன். ஐம்பத்தோரு வருஷமாகத் தினம் பார்க்கிற தண்ணீர். அன்றுதான் பயம் வந்தது. இரண்டடி பின்னால் நகர்ந்தேன் என்றால் சிரிப்பாய்.

நீ கேட்டதைச் சொல்கிறேன். 1938, மார்ச். பனி ஒரு முழத்துக்கு மேல் கெட்டி. ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு தலைவர் வந்தார், கூட, எவ்வளவு கம்பி இறங்கியது என்று காட்டும் அளவுச் சக்கரம் பார்க்க ஃபதேய் என்று ஒரு ரஷ்ய இளைஞன். கம்பியை இறக்கி ஏற்றும் ராட்டினம் சுற்ற மாடு மாதிரி ஒருவன் வேண்டுமென்றார்கள். கூட்டுப்பண்ணையில் என் பெயரைச் சொல்லிவிட்டார்கள்.

எஃகுக் கம்பியைப் பனியின்மேல் நீட்டி, நூறு மீட்டருக்கு ஒரு சிவப்புத் துணி கட்டினோம். கட்டியது ஊர்ப் பெண்கள். உன் அம்மா அப்போது ஏழு மாதம், வயிற்றில் நீ. வேண்டாமென்றாலும் வந்து கட்டினாள். பிறகு துளை வெட்டி, இரும்புக் குண்டைக் கட்டி இறக்கினோம். ஃபதேய் துளையோரம் மண்டியிட்டுச் சக்கரத்தைப் பார்த்தான். நான் பத்தடி தள்ளி ராட்டினத்தில். துணி போகப் போக நான் எண்ணைக் கத்துவேன். தலைவர் எழுதுவார். குண்டு தரை தட்டியபோது பதினைந்து துணி போயிருந்தது, மேலே இருபது மீட்டர். சக்கரமோ நூறு மீட்டர் குறைத்து 1420 என்றது. பனி ஏறிச் சக்கரம் வழுக்கிவிட்டது என்று தலைவர் முடிவு செய்தார். துணி எங்கே வழுக்கும்.

மேலே இழுக்கும்போது ஒரு வேடிக்கை. பாதியில் ஃபதேய் "நிறுத்து, கம்பியில ஐஸ் கட்டியிருக்கு" என்று கத்தினான். பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரிக் குளிரில் கையுறையைக் கழற்றிவிட்டு, ஈர இரும்பை வெறுங்கையால் சுரண்டினான். படித்த மூளை. விரல் மெழுகு மாதிரி வெளுத்துப்போனது. நான்தான் கொழுப்புத் தடவிவிட்டேன். ஊரில் இன்னும் அதைச் சொல்லிச் சிரிப்போம்.

இதை அப்படியே ஆய்வேட்டில் போட்டுக்கொள். மாடு மாதிரி என்பதை மட்டும் எடுத்துவிடு.

உன் அப்பா.


லெனின்கிராடு
18 நவம்பர் 1961

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். கோடையில் கப்பல் ஒன்று நம் பள்ளத்தின்மேல் போயிருக்கிறது. தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்புகிற நேரத்தை வைத்து ஆழம் சொல்கிற கருவி அதில் இருக்கிறது. அந்தத் தாள் நேற்று வந்தது. பேராசிரியர் என் மேஜையில் வைத்துவிட்டு, "பாரும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

1418.

இருபது தடவை குறுக்கும் நெடுக்கும் போயிருக்கிறார்கள். இருபது தடவையும் அதேதான். அப்பா, பள்ளத்தின் தரை நாற்பது சதுர கிலோமீட்டர். நூறு மீட்டர் குறைந்தால் நாலு கன கிலோமீட்டர் தண்ணீர் இல்லை. லெனின்கிராடு முழுக்க நாலைந்து வருஷம் குடித்துக் குளித்துத் துவைக்கிற தண்ணீர், என் ஏட்டில் இருக்கிறது, கடலில் இல்லை.

இரண்டு மணி நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு உங்கள் கடிதத்தை எடுத்தேன். சக்கரம் 1420 சொன்னது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் சக்கரம் வழுக்கவே இல்லை. துணிதான் தப்பு. கம்பியில் பதினாலு துணி போக வேண்டிய இடத்தில் பதினைந்து எப்படிப் போனது?

உங்களைக் குறை சொல்லவில்லை. குளிரில் எண்ணும்போது யாருக்கும் தவறும். "எண்ணுவதில் பிசகியிருக்கலாம்" என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அதை வைத்து ஏப்ரலுக்குள் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டுவிடுவேன்.

உங்கள் செசெக்.


ஒல்ஹோன் தீவு
2 டிசம்பர் 1961

மகளுக்கு,

சுகம். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை.

கருவி என்றால் எல்லாம் சரியாக இருக்குமா? மீன் கூட்டத்தில் பட்டு ஒலி பாதியிலேயே திரும்பியிருக்கும். எங்கள் கடலில் மீன் அதிகம். நான் பிசகவில்லை. பதினைந்து வரைக்கும் எண்ணத் தெரியாதவனா நான்.

இனிப் படகு கிடையாது. பனி கெட்டியாகிற வரைக்கும் தபாலும் வராது. என்னிடமிருந்து பதில் இல்லையென்றால் கவலைப்படாதே.

அப்பா.


லெனின்கிராடு
3 ஜனவரி 1962

அப்பாவுக்கு,

புது வருஷ வாழ்த்து. சுகம் என்று எழுத வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

உங்கள் அக்டோபர் கடிதத்தைக் கருவி அறையில் படித்துக் காட்டினேன். நீங்கள் எழுதிய விதம் அப்படி, தனியாகச் சிரித்து மாளவில்லை. மாட்டில் ஆரம்பித்துக் கையுறை வரைக்கும் படித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். படித்த மூளை என்ற இடத்தில் லூக்கிச்சும் சிரித்தார். சிரித்துவிட்டு, "உங்கம்மா சுகமா இருக்காங்களா?" என்று கேட்டார். முழங்கால் வலி என்றேன். தலையாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை.

அவர் போன பிறகு, சாமான் பதிவேடு பார்க்கிற அம்மாள் என் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார். "ஏண்டி, யார் முன்னாடி எதைப் படிக்கிறே? அவர் முழுப்பேர் என்னன்னு தெரியுமா உனக்கு? ஃபதேய் லூக்கிச். அந்தச் சக்கரத்துக்காரன் அவர்தான்."

அப்பா, அரசாங்கக் கருவியை வேண்டுமென்றே கெடுத்தார் என்று அந்த வருஷம் ஏப்ரலில் அவரை அழைத்துப் போயிருக்கிறார்கள். எட்டு வருஷம் வடக்கே மரம் வெட்டினார். திரும்பி வந்த பிறகும் பத்து வருஷம் கருவியைத் தொட யாரும் விடவில்லை.

கெடாத சக்கரத்துக்காக.

அந்த மனிதர் முன்னால் நின்று நான் சிரித்திருக்கிறேன். என் குரல் இன்னும் எனக்கே கேட்கிறது.

இது உங்களுக்குத் தெரியுமா? ஒன்றே ஒன்று கேட்கிறேன், தெரியுமா?

செசெக்.


ஒல்ஹோன் தீவு
4 பிப்ரவரி 1962

கண்ணு செசெக்குக்கு அம்மா,

எனக்கு எழுத வராது என்று தெரியும். மார்ஃபாவின் மருமகள் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். நீ நல்லா இருக்கியா? பசு இன்னொரு கன்று போட்டிருக்கிறது, நெற்றியில் வெள்ளை.

பனி கெட்டியாகி மூன்று வாரம் ஆகிறது. தபால் வண்டி வாரம் இரண்டு தடவை வருகிறது. உன் கடிதம் வந்ததைத் தபால்காரர் சொன்னார். வீட்டில் கேட்டால், "தபாலா, பனி இன்னும் பிடிக்கலையே" என்கிறார் உன் அப்பா, பனிமேல் நின்றுகொண்டு.

சாப்பாடு இறங்கவில்லை. கொட்டகையில் யாரையும் கிண்டல் செய்வதில்லையாம். மார்ஃபாவே வந்து, "உன் புருஷனுக்கு உடம்பு சரியில்லையா, என்னைத் திட்டி ஒரு வாரம் ஆச்சு" என்று கேட்கிறாள். நேற்றுப் படகுத்துறைக்குப் போய் அந்தப் பலகையைப் பிடுங்கிக்கொண்டு வந்து, எழுத்து உள்பக்கம் இருக்கும்படி மாட்டுக் கொட்டிலில் சாய்த்துவைத்திருக்கிறார்.

நீ என்ன எழுதினாய்? நான் கேட்டால் சொல்ல மாட்டார். நீ கேட்டால் சொல்வார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா ஒயூனா.


ஒல்ஹோன் தீவு
11 பிப்ரவரி 1962

என் மகள் செசெக்குக்கு,

உன் கடிதம் வந்து இருபத்தைந்து நாள் ஆகிறது. பனி பிடிக்கவில்லை என்பது பொய். டிசம்பரில் எழுதிய மீன் கூட்டமும் பொய்.

நான் பிசகவில்லை, மகளே. அது மட்டும் நிஜம். சரியாகத்தான் எண்ணினேன். எண்ணிவிட்டுத் தப்பாகச் சொன்னேன்.

ஒன்பதாவது சிவப்புத் துணி போய்க் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். ராட்டினத்திலிருந்து ஒரு நீலத் துணி இறங்கியது. பார்த்தவுடன் தெரிந்துவிட்டது, உன் அம்மாவின் தலைத்துணி. மற்ற பெண்களோடு குனிந்து அடையாளம் கட்டுகிற மாதிரி, நடுவில் கடலுக்கென்று நேர்ந்துகொண்டு ஒன்று கட்டியிருக்கிறாள். அத்தனை ஆழத்தின்மேல் புருஷன் நிற்கிறான், வயிற்றில் பிள்ளை. அம்மாக்கள் செய்கிறதைத்தான் செய்திருக்கிறாள். வேறு வருஷமாக இருந்தால் பேசாமல் விட்டிருப்பேன்.

அந்த வருஷம் உனக்குத் தெரியாது, சாமிக்கென்று எதைச் செய்தாலும் குற்றம். இரண்டு மாதம் முன்னால்தான், பக்கத்து ஊரில் கம்பத்தில் நீலத் துணி கட்டிப் பால் தெளித்தார் என்று ஒரு கிழவரைக் கொண்டுபோனார்கள். கட்டினது கம்பத்தில்தான். இவள் கட்டினது அரசாங்கக் கம்பியில்.

தலைவர் பக்கத்தில் நின்றார். மூச்சுப் பட்டு அவர் கண்ணாடி உறைந்திருந்தது, நிறம் தெரிந்திருக்காது. "அது என்ன துணி?" என்று கேட்டார்.

"பத்தாவதுங்க" என்றேன்.

துளையோரத்திலிருந்து ஃபதேய், "இங்க தொள்ளாயிரத்து நாப்பதுதான் காட்டுது" என்றான். "சக்கரத்தைத் துடை" என்றார் தலைவர். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு துணிக்கும் ஒன்று கூட்டிச் சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு பொய் அப்படியே அடிவரைக்கும் போய்த் தரையைத் தட்டியது.

இழுக்கும்போது எப்படியாவது அந்தத் துணியைப் பிடுங்கிவிட வேண்டும் என்று, ராட்டினத்தில் குனிந்து, வந்து சேர்கிற கம்பியையே கண்ணைச் சிமிட்டாமல் பார்த்திருந்தேன். அது வரவே இல்லை. இருந்த இடத்தில் வெறும் கம்பி. கடல் எடுத்துக்கொண்டது, நம்மை மன்னித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு வசதியான நினைப்பு.

தெரியுமா என்று கேட்டாய். ஏப்ரலில், "அந்த ரஷ்யப் பையனை மாத்திட்டாங்களாம்" என்று ஒருவர் சொன்னார். எந்த ஊருக்கு என்று நான் கேட்கவில்லை. ஊர் ஊராக எல்லாவற்றையும் கேட்கிற வாய் இது. அதை மட்டும் கேட்கவில்லை. அதனால் தெரியுமா என்றால், தெரிந்துவிடக் கூடாது என்று பார்த்துக்கொண்டேன். அதற்கு மேல் ஒரு பலகையும் எழுதி நட்டேன்.

கூட ஒரு தாள் வைத்திருக்கிறேன். "1938 மார்ச்சில் அளவுச் சக்கரம் சரியாக இருந்தது. துணியின் எண்ணிக்கையைத் தெரிந்தே மாற்றிச் சொன்னது நான்." கையெழுத்து போட்டிருக்கிறேன். தபால்காரரும் சாட்சிக் கையெழுத்து போட்டார், படித்துவிட்டு வண்டியேறிவிட்டார். ஏன் மாற்றினேன் என்று மட்டும் அதில் எழுதவில்லை. அம்மாவுக்கு எதுவும் தெரியாது. அவள் கட்டிய துணிக்கு என்ன விலை ஆயிற்று என்று அவள் தெரிந்துகொள்ள வேண்டாம்.

முதலில் அவரிடம் கொடு. பிறகு குழுவிடம். அவர் என்ன சொன்னாலும் மாற்றாமல் எழுது.

அப்பா.


லெனின்கிராடு
2 மார்ச் 1962

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேனா என்று தெரியவில்லை. சாப்பிடுங்கள் அப்பா. முதலில் அதைச் செய்யுங்கள்.

தாளைக் கொடுத்தேன். லூக்கிச் கண்ணாடி போட்டுப் படித்தார். கடிதத்தையும் கேட்டார், கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். பிறகு தேநீர் ஊற்றினார், எனக்கும். அவர் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன்.

"நீலத் துணிதானே. நானும் பார்த்தேன்மா. அது கம்பியில ஏறறதுக்கு முன்னாடியே பார்த்தேன். பெரிய வயித்தோட ஒரு பொண்ணு குனிய முடியாமக் குனிஞ்சு முடிச்சு போட்டுட்டு, சுத்திமுத்திப் பார்த்தா. என்னைப் பார்த்துட்டா. நான் திரும்பிக்கிட்டேன்."

அவரே பேசினார்.

"என் சக்கரம் சரின்னு சொல்லணும்னா அந்தத் துணியைக் காட்டணும். காட்டினா யார் கட்டினதுன்னு கேப்பாங்க. மேல வர்றப்போ உங்கப்பா ராட்டினத்துல குனிஞ்சிருந்தார், தலைவர் கூடாரத்துல. நிறுத்தச் சொன்னேன். ஈர முடிச்சு, கையுறையோட அவிழுமா? கழட்டித்தான் அவிழ்த்தேன்."

நான் அவருடைய வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வடக்கே மரம் வெட்டியபோது போன விரல்கள் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். "அங்க போறதுக்கு முன்னாடியே வெட்டிட்டாங்க, ஆஸ்பத்திரியில" என்றார், பஸ்ஸைத் தவறவிட்டதைச் சொல்கிற மாதிரி.

துணியை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"துளையில போட்டுட்டேன். கடலுக்குன்னு கட்டினது. எனக்கெதுக்கு?"

அப்பா, கடல் எடுத்துக்கொண்டது என்று நீங்கள் நினைத்தது பொய்யில்லை. கொடுத்த கை யாருடையது என்பதுதான் உங்களுக்குத் தெரியவில்லை. உங்களுக்குக்கூடத் தெரியக் கூடாது என்று இருந்துவிட்டார். நீங்கள் கொழுப்புத் தடவிவிட்டதையும் சொன்னார். "நல்லாத்தான் தடவினார், கொஞ்சம் லேட்டு" என்றார்.

நான் அழுதேன். அவர் தேநீரை என் பக்கம் தள்ளிவிட்டு, "அந்த வயித்துல இருந்தது நீதானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பழுது பார்த்து அனுப்பிய கருவி திரும்பி வந்தால் பார்க்கிற மாதிரி.

"எட்டு வருஷமும் எனக்கு ஒண்ணு மட்டும் தெரியும்மா, சக்கரம் சரியா ஓடிச்சுன்னு. ஆனா இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கணும்" என்றார். தாளைக் குழுவிடம் கொடுத்தாயிற்று. பழைய பதிவைத் திருத்த இன்னொரு அளவு வேண்டுமாம். அதற்கு அவரையே அனுப்புகிறார்கள். மார்ச் இருபதுக்குள் அங்கே வருவார். என் பள்ளத்தில் நாலு கன கிலோமீட்டர் குறைத்து எழுதிவிட்டேன்.

உங்கள் செசெக்.


ஒல்ஹோன் தீவு
25 மார்ச் 1962

என் மகள் செசெக்குக்கு,

சாப்பிடுகிறேன். அம்மா சுகம், முழங்காலும் சுகம், கன்று வீட்டுக்குள் வந்து என் தொப்பியைத் தின்றுவிட்டது. நீ எப்படி இருக்கிறாய்?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் கொட்டிலில் உட்கார்ந்திருந்தேன். இருபத்து நாலு வருஷமாக அவரைக் கேலி செய்து ஊரைச் சிரிக்கவைத்த வாய். மார்ஃபா வந்து பார்த்துவிட்டுப் பசுவைக் கறந்துகொடுத்துப் போனாள்.

இருபதாம் தேதி பனிமேல் தபால் வண்டியில் வந்து இறங்கினார். நான் ஓடிப்போய் எதிரில் நின்றேன். பேச வேண்டியதை ஒரு வாரமாக மனப்பாடம் செய்திருந்தேன், மாட்டிடம் ஒப்பித்தும் பார்த்தேன். எல்லாம் மறந்து அவர் பெட்டியைத்தான் வாங்கினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "தொப்பி எங்க, அர்ஹிப்? குளிர்ல தொப்பி இல்லாம நிக்கிறீங்க. படிச்ச மூளையா?" என்றார். பெட்டியோடு பனியில் வழுக்கிவிட்டேன், மகளே. அவர்தான் பிடித்துக்கொண்டார், மூன்று விரலால்.

அம்மாவிடம் ஏதும் சொல்லாமல், கடல் அளக்க வந்தவர் என்று மட்டும் சொல்லி உட்காரவைத்தேன். அம்மா பால் தேநீர் ஊற்றினாள். கிண்ணத்தை வாங்க அவர் கையை நீட்டினார். அம்மா கிண்ணத்தை விடவில்லை. கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

"முடிச்சை இறுக்கித்தான் போட்டிருந்தேன்" என்றாள். "கம்பி மேல வந்தப்போ அது இல்ல. எப்படி அவிழ்ந்துதுன்னு இத்தனை வருஷமா யோசிச்சுக்கிட்டே இருக்கேன்."

ஒரே கூரையின் கீழே, ஒரே துணியை, இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் மூடிவைத்திருந்திருக்கிறோம். அன்று மாலை வரைக்கும் மூன்று பேரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்தோம். அம்மா அவர் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். நடுவில் ஒரே ஒரு தடவை என் பக்கம் திரும்பி, "பத்தாவதாமே, பத்தாவது" என்றாள். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

நேற்று அளந்தோம். அதே ராட்டினம், அதே மாடு, கொஞ்சம் வயசான மாடு. அம்மா பதினாலு சிவப்புத் துணி கட்டினாள். ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் தலைத்துணியைக் கிழித்து ஒரு நீலமும் கட்டினாள், ஊரே பார்க்கக் கட்டினாள். நாங்கள் இருவரும் தடுக்கவில்லை. லூக்கிச் துளையோரம் மண்டியிட்டுச் சக்கரத்தில் கண் வைத்தார். நான் சுற்றினேன். ஒன்பது போனது. நீலம் இறங்கி வந்தது. அவர் கையைத் தூக்கினார், நிறுத்தினேன்.

சக்கரத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "அது என்ன துணி?" என்று கேட்டார்.

"என் பொண்டாட்டி கட்டினது" என்றேன்.

"அப்ப எண்ண வேணாம்" என்றார். "இறக்குங்க."

அப்பா.